மண்டையைத் திறவாத மருத்துவம்

மூளைக்கு இயற்கை அமைத்த அரண் மண்டையோடு. அவ்வரணைத் திறவாமலே உட்புகுந்து உயிர்காக்கும் கலை இன்று வளர்ந்துள்ளது. ஏலப்பாறைத் தேயிலை மலைகளில் வாழும் நம் குடும்பத்தார் அதன் வரலாற்றை அறிதல் நலம்.

மூளையின் இரத்தக்குழாய் ஓரிடத்தில் வலுவிழந்து மொட்டுப்போற் புடைப்பதுண்டு. அது வெடிப்பின், இடி விழுந்தாற்போன்ற தலைவலி தோன்றும், பலர் மாள்வர். 1927-இல் லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ், கழுத்துத் தமனியில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படமெடுத்து, மூளையின் குழாய்களைக் கண்ணுக்குப் புலப்படுத்தினார். 1937-இல் பால்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி, மண்டையைத் திறந்து, புடைப்பின் கழுத்தை வெள்ளிக் கவ்வியால் இறுக்கி வெற்றி கண்டார்.

நம் நாட்டில் மூளை அறுவைத் துறைக்கு வித்திட்ட டாக்டர் ஜேக்கப் சாண்டி, நம் மலையடிவாரத்துக் கோட்டயத்தில் பிறந்தவர். 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார்.

மண்டையைத் திறவாமல் இரத்தக்குழாய் வழியே செல்லும் முறைக்கு மாஸ்கோவின் செர்பினென்கோ வழிகாட்டினார். குழல் வழியே செலுத்திக் கழற்றிவிடும் சிறு பலூன்களைப் பற்றி அவர் 1974-இல் எழுதினார். 1990-இல் இத்தாலியரான குக்லியெல்மி, அமெரிக்காவில் பிளாட்டினச் சுருள் முறையைக் கையாண்டார். தொடைத் தமனியில் நுழைந்த மெல்லிய குழல் மூளையை எட்டும்; மயிரிழையொத்த சுருள் புடைப்பை நிரப்பும்; சிறு மின்னோட்டம் அதனைக் கழற்றிவிடும்; இரத்தம் உறைந்து புடைப்பு அடைபடும்.

வெடித்த புடைப்புடைய 2,143 நோயாளரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப்பின் மாண்டோரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதோரும், மண்டை திறக்கப்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர். சுருள் வைக்கப்பட்டோரில் 24 பேர். எனினும் எல்லாப் புடைப்புக்கும் சுருள் பொருந்தாது; கவ்வியும் இன்றளவும் உயிர்காக்கின்றது.

1976-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இக்கலையில் தேர்ந்து விளங்குகின்றது. புடைப்பினுள் இரத்தம் பாயாது திருப்பும் நுண்வலைக் குழலொன்றைத் தானே வடிவமைத்ததாக 2020-இல் அறிவித்தது. வெளிநாட்டுப் பொருளின் பெருவிலைக்கு அஞ்சும் ஏழை எளியோர்க்கு இது நற்செய்தி.

அன்பர்களே, கலை எத்துணை வளரினும் காலம் தாழ்த்தின் பயனில்லை. ஒருமுறை வெடித்த புடைப்பு, முதல் நாளிலேயே மீண்டும் வெடிக்கும் இடர் மிகுதி. முன்னறியாத கடுந்தலைவலி திடீரென வந்து, வாந்தியோ மயக்கமோ கழுத்து இறுக்கமோ சேருமாயின், தைலம் தடவி விடியலுக்குக் காத்திராதீர்கள். அன்றிரவே மலையிறங்குங்கள். இரத்த அழுத்தத்தை அடக்குதலும் புகையிலையைப் புகைத்தலை ஒழித்தலும் வருமுன் காக்கும் வழிகளாம்.