யானைத்தீ

பெரும்பசியைக் குறிக்க 'யானைத்தீ' என்றொரு பழஞ்சொல் தமிழில் உண்டு. உணவைச் செரிக்கச் செய்யும் வெம்மையை வயிற்றுத்தீ என்று நம் முன்னோர் கருதினர். அத்தீ அளவுகடந்து மூண்டு, இட்டதையெல்லாம் எரித்து, மேலும் வேண்டி நிற்குமாயின், அதன் பெருக்கத்தைச் சொல்ல யானையை அடைமொழியாக்கினர். ஆயுர்வேத நூலார் இந்நோயைப் பஸ்மகம் என்பர். உண்டதைச் சாம்பலாக்குவது என்பது கருத்து. பண்டைக் கிரேக்கரோ எருது, பசி என்னும் இரு சொற்களை இணைத்துப் 'பூலிமியா' என்றனர். அவரவர் அறிந்த பெருவிலங்கு அவரவர் சொல்லுள் புகுந்தது.

மணிமேகலைக் காப்பியத்தில் இந்நோயால் வருந்துபவள் காயசண்டிகை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும் நாவற்கனியை விருச்சிக முனிவர் உண்பதற்கென வைத்திருந்தார். அதனை அவள் காலாற் சிதைத்தாள்; அவர் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீயால் துன்புற்றாள். புகார் நகரில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடி சோறு அதைத் தணித்தது.

இங்கே பசிக்கு ஒரு பிழை காரணமாகின்றது. ஆயினும் சாத்தனார் அத்துடன் நின்றாரல்லர். மழை பொய்த்த காஞ்சி மாநகருக்கும் அப்பாத்திரத்தை அனுப்புகின்றார். அங்கே பசித்திருந்தோர் எந்தக் கனியையும் மிதித்தவரல்லர்.

மலையக மக்களின் வரலாறும் இத்தகையதே. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்திற்கு அஞ்சிப் பல்லாயிரவர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். கோப்பி அழிந்து தேயிலை தழைத்தது. பசி மட்டும் தொடர்ந்து வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. கோதுமை மாவு அரிதாயிற்று. கிராமத்தவருக்கு மரவள்ளி நடுவதற்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது. நுவரெலியா, அட்டன் பகுதிகளில் லயங்களில் வாழ்ந்த தொழிலாளருக்கு அதுவும் அரிது. 1974இல் தோட்டங்களின் இறப்பு விகிதம் நாட்டின் சராசரியைவிட மிக உயர்ந்து நின்றது.

யானைத்தீ, உண்டும் அடங்காத பசி. பட்டினி, உண்ண இல்லாத பசி. முன்னதற்கு மருந்து வேண்டும். பின்னதற்கு நிலமும் நியாயமான கூலியும் வேண்டும். பட்டினியைத் தலைவிதி என்று கூறுவது, சாபமே பெறாதவரைச் சபிப்பதாகும். ஆகவே, காலை வகுப்பில் ஒரு பிள்ளை சோர்ந்திருந்தால், சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், 'சாப்பிட்டாயா?' என்று கேட்பது எம் போன்ற ஆசிரியரின் முதற்கடமையாகும்.