பண்டை நாகரிகங்களில் அரசுரிமை

மக்கள் ஊரமைத்து ஒருங்கு வாழத் தலைப்பட்ட காலந்தொட்டு, அவரைக் காத்து முறைசெய்யும் தலைவன் ஒருவன் வேண்டப்பட்டான். அத்தலைவன் எவ்வுரிமைபற்றிப் பிறரை ஆள்கின்றான் என்னும் வினாவிற்கோ, பண்டை மக்கள் அனைவரும் ஒருபடித்தாக விடை கூறினாரல்லர். அரசனே கடவுள் என்றார் ஒரு சாரார். அரசன் கடவுளின் பணியாளன் என்றார் மற்றொரு சாரார். எகிப்து நாட்டிலும், யூப்ரட்டீஸ், டைகிரிஸ் என்னும் பேராறுகளிடைப்பட்ட மெசொபொட்டேமியாவிலும் இவ்விரு கொள்கைகளும் நிலவியவாறு ஆராயற்பாலது.

எகிப்தின் வடபகுதியும் தென்பகுதியும் கி. மு. 3100 அளவில் ஓராட்சிக்கீழ் வந்தன. அக்காலத்து நார்மர் என்னும் மன்னன், ஒருபுறத்தே தென்னாட்டின் வெண்முடியும் மறுபுறத்தே வடநாட்டின் செம்முடியும் புனைந்து நிற்கும் கற்பலகையொன்று கிடைத்துள்ளது. அந்நாட்டார் தம் அரசனைப் பருந்துருவினதாகிய ஹோரஸ் என்னுந் தெய்வத்தின் வடிவாகக் கொண்டனர். பின்னர் ஞாயிற்றுக் கடவுளாகிய ராவின் மகன் எனவும் வழங்கினர். கி. மு. 26-ஆம் நூற்றாண்டினனாகிய கூஃபு மன்னனுக்கு எடுக்கப்பட்ட பிரமிடு, கட்டி முடிந்த காலத்தே ஏறக்குறைய 146 மீட்டர் உயரமுடையதாய் இருந்தது. ஒருவன் உடலைச் சேமித்தற்கு இத்துணைப் பெருமலை எழுந்தமைக்கு, அவனைத் தெய்வமெனக் கொண்ட நம்பிக்கையும் ஒரு காரணமாம். எனினும், மாஅத் எனப்படும் அறவொழுங்கினைக் காத்தல் அரசன் கடன் என்பதனையும் எகிப்தியர் மறந்தாரல்லர்.

மெசொபொட்டேமியாவின் தென்பகுதியாகிய சுமேரில் நிலைமை வேறாயிருந்தது. ஆண்டு ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு தெய்வத்திற்கு உரியது. லகாஷ் நாடு நின்கிர்சு என்னுந் தெய்வத்திற்கும், ஊர் என்னும் நகரம் நன்னா என்னுந் திங்கட்டெய்வத்திற்கும் உடைமையாகக் கருதப்பட்டன. கோயிலை ‘வீடு’ என்னும் பொருளுடைய சொல்லாலேயே சுமேரியர் குறித்தனர். ஊராள்வானுக்கு ‘என்சி’ என்பது ஒரு பெயர்; தெய்வத்தின் உடைமையை அதன்பொருட்டு மேற்பார்ப்பவன் அவன். ‘லுகல்’ என்பது மற்றொரு பெயர். அதற்குப் ‘பெரிய ஆள்’ என்பதே பொருள். அரசுரிமை வானினின்று முதற்கண் எரிது நகரில் இறங்கிற்று என்றும், பெருவெள்ளத்தின்பின் கிஷ் நகரில் மீண்டும் இறங்கிற்று என்றும் சுமேரிய அரசர் வரிசைப் பட்டி கூறும். அஃது ஓரிடத்தே நில்லாது ஊர்தோறும் மாறிச் சென்றதாக அப்பட்டி உரைத்தல் கருதற்குரியது. அரசுரிமை ஒருவர்க்கு அளிக்கப்படுவது. மீட்டுக்கொள்ளவும் படுவது என்பதே அதன் கருத்தாம்.

மேற்பார்ப்பவன் உடைமையாளனாக மாறும்பொழுது விளையுங் கேட்டினை லகாஷ் நாட்டு வரலாறு காட்டுகின்றது. கி. மு. 2350 அளவில் ஆண்ட உருககினா என்பான் களிமண் கூம்புகளிற் பொறித்த செய்திகள் இன்றும் உள்ளன. தனக்கு முன்னாள் தெய்வத்தின் எருதுகள் ஆள்வானுடைய வெங்காயப் பாத்திகளை உழுதன என்றும், பிணத்தைப் புதைப்பதற்கு 7 குடம் மதுவும் 420 அப்பமும் கூலியாகக் கவரப்பட்டன என்றும் அவன் கூறுகின்றான். அக்கூலியை 3 குடமும் 80 அப்பமுமாகக் குறைத்தான். ஆள்வான் கைக்கொண்ட வீடுகளையும் வயல்களையும் நின்கிர்சுவுக்கே மீட்டளித்தான். கைம்பெண்ணையும் தந்தையற்ற மகவையும் வலியார்க்கு ஒப்புவியேன் என அத்தெய்வத்தோடு உடன்படிக்கை செய்தான். பின்னர் உம்மா நாட்டு லுகல்சகேசி படையெடுத்து லகாஷ் கோயில்களைச் சூறையாடினான். உருககினாவின்பால் குற்றமில்லை, இப்பாவத்தை லுகல்சகேசியின் தெய்வம் சுமக்க என ஒருவர் எழுதிவைத்த புலம்பல் கிடைத்துள்ளது. அந்த லுகல்சகேசியும், அக்காது நாட்டுச் சார்கோனால் வெல்லப்பட்டுக் கழுத்திற் கட்டையோடு நிப்பூர் நகரின் கோயில் வாயிலுக்குக் கொணரப்பட்டான்.

சார்கோனின் பேரனாகிய நராம்சின், தன்னைத் தெய்வமென்றே அறிவித்துக்கொண்டான். தெய்வங்களுக்கே உரிய கொம்புடைய முடியைப் புனைந்து அவன் நிற்கும் வெற்றிக்கல் இப்பொழுது பாரிசு நகரத்து லூவர் காட்சிச்சாலையில் உள்ளது. அவன் மகன் காலத்திற்குப்பின் அப்பேரரசு சிதைந்தது. நராம்சின் நிப்பூர்க் கோயிலை அழித்தமையால் தெய்வச் சினம் மூண்டது என்று பிற்காலத்துச் சுமேரியச் செய்யுள் ஒன்று கூறும். அவன் அக்கோயிலைப் புதுப்பித்தான் என்பதற்கே சான்றுகள் உள. ஆகலின் அச்செய்யுளை வரலாறென முழுதுங் கொள்ளலாகாது. ஆயினும், தன்னைத் தெய்வமாக்கிக்கொண்ட மன்னனைப் பிற்காலத்தார் எக்கண்கொண்டு நோக்கினர் என்பதற்கு அது தக்க சான்றாம்.

பாபிலோனில் இக்கருத்து ஒரு சடங்காகவே நிலைபெற்றது. இளவேனிற்காலத்து நிகழும் அகிது என்னும் புத்தாண்டு விழாவின் ஐந்தாம் நாள், அரசன் மர்துக்குத் தெய்வத்தின் கோயிலுள் தனியே புகுவான். தலைமைக் குரு அவனுடைய செங்கோல், முடி முதலியவற்றைக் களைந்து, அவன் கன்னத்தில் அறைந்து, செவியைப் பற்றி இழுத்து மண்டியிடச் செய்வார். பாவஞ் செய்திலேன், பாபிலோனைப் புறக்கணித்திலேன், குடிகளின் கன்னத்தில் அறைந்திலேன் என அரசன் உரைத்தல் வேண்டும். அதன்பின்னரே அவன் சின்னங்கள் மீட்டளிக்கப்படும். குரு மீண்டும் ஒருமுறை அறைவார். அரசன் கண்ணீர் உகுப்பின் தெய்வம் மகிழ்ந்தது என்றும், உகுக்காவிடின் பகைவன் எழுவான் என்றும் கொள்ளப்பட்டது. கி. மு. 4-ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்ட களிமண் ஏடுகள் இச்சடங்கினை விரித்துரைக்கின்றன. பாபிலோனியர் தம் கடைசி வேந்தனாகிய நபோனிதசு, பத்தாண்டளவு அரபு நாட்டுத் தைமா நகரில் தங்கிவிட்டமையால் அவ்விழா நிகழவில்லை எனப் பாபிலோனிய நாட்குறிப்புக் கூறுகின்றது. அவன் திரும்பிய பின் விழா மீண்டும் நிகழ்ந்தது, எனினும் கி. மு. 539-இல் பாரசீக மன்னன் சைரசின் படை அந்நகரைக் கைக்கொண்டது.

தெய்வமெனப்பட்ட அரசர் யாவரும் கொடியரல்லர். பணியாளர் எனப்பட்ட அரசர் யாவரும் நல்லவருமல்லர். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அரசனே கடவுளாயின் அவன் செய்கையை வினவுதற்கு அவனுக்குமேல் ஒருவருமில்லை. அவன் பணியாளனாயின், வயலும் ஊரும் குடியும் பிறர் உடைமை; அவற்றிற்குக் கணக்குரைக்கும் நாள் ஒன்று அவனுக்கு உண்டு. ஆட்சி என்பது ஒருவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளேயன்றி அவனுக்கே உரிய பொருளன்று என்னும் உண்மையை, ஆண்டுதோறும் முடிகளைந்து மண்டியிட்ட பாபிலோன் அரசர் உலகிற்கு உணர்த்திச் சென்றனர்.