வாய்ப்புண்ணுன்னா ஏன் பி காம்ப்ளெக்ஸ்? – ஒரு குன்னூர் கதை

போன மாசம் நாக்கு நுனியில ஒரு சின்ன கொப்புளம். கடுகு சைஸ்தான், ஆனா சாம்பார் பட்டாலே உயிர் போகுது. சனிக்கிழமை பெங்களூர்ல இருந்து ராயக்கோட்டை வீட்டுக்குப் போனா, பாட்டி பார்த்த உடனே தீர்ப்பு: "உடம்புச் சூடு. விடிய விடிய கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா வேற என்ன வரும்?" அம்மா சிரிச்சுக்கிட்டே, "யாருகிட்டடா பொய் சொன்ன?" டாக்டர் எதுவுமே கேட்கல. பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார்.

மூணு நாள்ல கொப்புளம் போயிடுச்சு. கேள்வி மட்டும் போகல. நம்ம ஊர்ல வாய்ப்புண், நாக்குப்புண் எதுவானாலும் ஏன் அந்த மாத்திரை? தேடிப் பார்த்தா கதை ரொம்ப தூரம் போகுது.

முதல்ல அம்மா கட்சி. பொய்க்கும் நாக்குக் கொப்புளத்துக்கும் முடிச்சுப் போடறது நம்ம ஊர் சரக்கு மட்டும் இல்ல. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு கிரேக்கக் கவிஞர் தியாக்ரிட்டஸ் பாட்டுலயே இதோட சாயல் இருக்கு. ஆங்கிலத்துல இதைப் 'பொய்க் கொப்புளம்'னே சொல்றாங்க. 1665 வாக்குல இத்தாலிக்காரர் மார்செல்லோ மல்பிகி மைக்ரோஸ்கோப்பை வச்சுப் பார்த்து, நாக்குல இருக்கிற சின்னச் சின்ன மொட்டுகளை விவரிச்சார். அந்த மொட்டு ஒண்ணு வீங்கினாலே கொப்புளம் மாதிரி தெரியும். சூடான காபி, காரம், பல் கடி, தூக்கம் கெடறது, இதெல்லாம் வழக்கமா சொல்ற காரணங்கள். ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடும். ஆக, எனக்கு வந்தது இதுவாத்தான் இருக்கணும். மாத்திரையே போடலைன்னாலும் போயிருக்கும்!

(டார்ச் அடிச்சு கண்ணாடியில பார்த்து, அடிநாக்குல வரிசையா நிக்கிற பெரிய மொட்டுகளைக் கண்டு பயந்தவங்க கவனத்துக்கு: அது எல்லாருக்கும் இருக்கு. 'வி' வடிவத்துல 8-லேர்ந்து 12 வரைக்கும் இருக்கும். நானும் பயந்தேன் :-))

சரி, மாத்திரைக்கு வருவோம். 1918-ல நீலகிரி மாவட்டம் குன்னூர்ல, பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டோட ஒரே ஒரு அறையில, ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பத்தி ஆராய ஆரம்பிச்சார். பின்னால அவர் செஞ்ச எலிச் சோதனை பிரசித்தம். இந்தியாவோட ஒவ்வொரு பகுதி சாப்பாட்டையும் தனித்தனி எலிக் கூட்டத்துக்குப் போட்டார். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுன்னு இருந்துச்சு. தீட்டின அரிசியை நம்பின மதராஸ் சாப்பாட்டு எலிகளுக்குக் கடைசி வரிசைதான்.

1935-ல மெக்காரிசன் ஓய்வு பெற, டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட் வந்தார். அவரும் பி.ஜி. கிருஷ்ணனும் தென்னிந்தியாவின் ஏழைப் பிள்ளைகளைப் பார்த்தாங்க. வாயோரம் வெடிப்பு, சிவந்து எரியற நாக்கு. எல்லாருக்கும் பழகிப்போன ஒண்ணு, வழக்கமா அதை யாரும் நோயாவே நினைக்க மாட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் கேட்ட கேள்வி ரொம்ப எளிமை: இந்தப் பிள்ளைங்க தினமும் என்ன சாப்பிடறாங்க? பதில்: அரிசி, அரிசி, கொஞ்சம் குழம்பு. பால் கிடையாது. ஈஸ்ட் மாதிரி பி2 நிறைஞ்சதைக் கொடுத்தப்ப புண் ஆறுச்சு. இது வைட்டமின் பி2 பற்றாக்குறைன்னு 1936-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்ல எழுதினாங்க. அப்ப பி2-ன்னு சொன்னதுல இன்னும் சில வைட்டமின்களும் கலந்து கிடந்துச்சு. ரிபோஃப்ளேவின் மட்டுமே குறைஞ்சா வாயில என்ன ஆகும்னு அமெரிக்காவுல செப்ரெல், பட்லர் ரெண்டு பேரும் எழுதினது 1938-ல.

ஏன் நாக்குல தெரியுது? நாக்கோட மேல்தோல் சீக்கிரம் சீக்கிரமா புதுசாகிற இடம். சரக்கு குறைஞ்சா உற்பத்தி முதல்ல நிக்கிறது அங்கதான். பி காம்ப்ளெக்ஸ் போட்டா சிறுநீர் பளீர்னு மஞ்சளா போகுதே, அந்த நிறமே ரிபோஃப்ளேவின்தான்.

குன்னூர்க் கூடம் 1958-ல ஹைதராபாத் போயி, 1969-ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு பேர் மாத்திக்கிச்சு. அந்தக் கண்டுபிடிப்பு மட்டும் மாத்திரையா நம்ம பாக்கெட்டுல தங்கிடுச்சு.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. பாட்டி சின்ன வயசுல சாப்பிட்டது ராகிக் களி, கூழ். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கலுக்குத்தான். தீட்டின அரிசியை விட ராகியில பி2 சுமார் 3 மடங்கு. 2011-ல இருந்து ரேஷன்ல அரிசி இலவசம், பசி போச்சு, அது பெரிய விஷயம்தான். ஆனா களிக் கிண்டறதும் குறைஞ்சு போச்சு. 2023-ல அரசாங்கம் ரேஷன்ல 2 கிலோ ராகி கொடுக்க முதல்ல எடுத்துக்கிட்ட மாவட்டங்கள் எது தெரியுமா? குன்னூர் இருக்கிற நீலகிரியும், 2004 வரைக்கும் ராயக்கோட்டை இருந்த தர்மபுரியும்!

இதோட முடிச்சிருப்பேன். ஆனா சித்தப்பா ஞாபகம் விடல. அவர் லாரி டிரைவர். தூக்கம் வராம இருக்க கன்னத்துல எப்பவும் புகையிலை அடக்கி வச்சிருப்பார். நாக்கு ஓரத்துல ஒரு தடிப்பு வந்துச்சு. வலி இல்ல. மெடிக்கல் ஷாப்ல தானே கேட்டு பி காம்ப்ளெக்ஸ் வாங்கி அஞ்சு மாசம் போட்டார். நாங்களும் "சூடுதான், சரியாயிடும்"னு சொன்னோம். நான் உட்பட. அப்புறம்தான் பயாப்ஸி, ஆபரேஷன். உயிரோட இருக்கார். இன்னிக்கு அவர் என் பேரைச் சொன்னா எனக்கு மட்டும்தான் புரியும்.

அய்க்ராய்டும் கிருஷ்ணனும் கண்டுபிடிச்சது மாத்திரையை மட்டும் இல்ல, ஒரு கேள்வியை. வாய்க்குள்ள தினமும் என்ன போகுது? நாம மாத்திரையைப் பிடிச்சுக்கிட்டு கேள்வியை விட்டுட்டோம். சித்தப்பாகிட்ட அந்தக் கேள்வியை நாங்க யாருமே கேட்கல.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டறவன். கொப்புளம் வந்தா மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்க, பாட்டி சந்தோஷப்படுவாங்க. ஆனா நாக்குல எந்தப் புண்ணோ தடிப்போ மூணு வாரத்துக்கு மேல இருந்தா, வலி இல்லைன்னாலும், டாக்டர்கிட்ட காட்டிடுங்க. புகையிலை போடறவங்க ரெண்டு வாரத்துலயே போங்க.