கால்பந்தாட்டத்தில் ஆள்மாற்றம்

கால்பந்தாட்டம் விறுவிறுப்பாக நடந்துகொண்டிருக்கிறது. பந்து எல்லைக்கோட்டைக் கடந்ததும் ஆட்டம் சிறிது நிற்கிறது. நடுக்கோட்டின் ஓரத்தில் எண் பொறித்த பலகை உயர்கிறது. களத்திலிருந்து ஒருவர் வெளியேறுகிறார். அவர் வெளியேறிய பின்னரே மற்றொருவர் உள்ளே வருகிறார். கொல்கத்தாவிலோ கோவாவிலோ கேரளத்திலோ ஆட்டம் காணச் செல்லும் நாம் இதனை ஒரு சிறு சடங்கென்றே கருதிவிடுகிறோம். ஆயினும் இச்சடங்கு உருப்பெற நூறாண்டுகள் சென்றன. அதற்குள் காயமுற்றோர் பட்ட துன்பம் கொஞ்சமன்று.

1863-ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய கால்பந்துச் சங்கத்தார் முதல் விதிகளை வகுத்தனர். ஓர் அணிக்கு எத்தனை பேர் என்னும் வரையறைகூட அவற்றில் இல்லை. மாற்று ஆட்டக்காரரைப் பற்றிய பேச்சும் இல்லை. பின்னர் அணிக்குப் பதினொருவர் என்பது நிலைபெற்றது. அவருள் ஒருவர் கால் முறிந்து வீழ்ந்தால், எஞ்சிய பதின்மர் ஆட வேண்டியதுதான். இறுதிவரை தாங்கும் வலிமையும் ஆட்டத்தின் ஒரு கூறே என்று பலர் கருதினர். மாற்றுக்கு இடங்கொடுத்தால் களைத்தவரும் காயமுற்றவர்போல் நடிப்பர் என்ற ஐயமும் இருந்தது.

இக்கடுமையின் விளைவை 1956-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் காண்கிறோம். மான்செஸ்டர் சிட்டி அணியின் கோல்காப்பாளர் பெர்ட் டிராட்மன், ஆட்டம் முடியப் பதினேழு நிமிடங்கள் இருக்கையில் எதிரணியாருடன் மோதிக் கழுத்தில் அடிபட்டார். மாற்றாள் இல்லை, வலியோடு நின்று கோலைக் காத்தார். அவர் அணி 3-1 என வென்றது. கழுத்தெலும்பு முறிந்திருந்த செய்தி சில நாட்களுக்குப் பின்னரே தெரிந்தது. மறு ஆண்டின் இறுதிப் பந்தயத்திலோ, ஆறாம் நிமிடத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட் அணியின் கோல்காப்பாளர் ரே வுட்டின் கன்ன எலும்பு முறிந்தது. களத்தில் ஆடும் பிளாஞ்ச்ஃபிளவர் கோல் காக்க நேர்ந்தது. ஆஸ்டன் வில்லா 2-1 என வென்றது. அந்நாளில் இரண்டு பந்தயங்களையும் கண்டோர் வீரத்தை மெச்சினர். விதி நியாயமானதா என்ற கேள்வியும் எழுந்தது.

விடை மெல்லவே வந்தது. 1965-66 பருவத்தில் இங்கிலாந்தின் லீக் பந்தயங்களில், காயமுற்றவருக்கு மட்டும் ஒரு மாற்று அனுமதிக்கப்பட்டது. 1965 ஆகஸ்டு 21-இல் போல்ட்டனில் நடந்த பந்தயத்தில், சார்ல்ட்டன் அணியின் கீத் பீகாக் முதல் மாற்று ஆட்டக்காரராகக் களம் புகுந்தார். காயம் மெய்யா பொய்யா என்று ஆராய்வது நடுவருக்கு எளிய காரியமா? 1967-68 பருவத்தில் அந்நிபந்தனை நீங்கியது. எக்காரணத்தாலும் ஆளை மாற்றலாம் என்றாயிற்று.

உலகக் கோப்பையில் இவ்வுரிமை 1970-ஆம் ஆண்டு மெக்ஸிகோவில் வந்தது. அதற்கு நான்காண்டுகள் முன்பு, போர்ச்சுகலுக்கு எதிராக ஆடிய பெலே காயமுற்றும் வெளியேற வழியின்றி நொண்டியபடியே ஆடியதை உலகம் கண்டிருந்தது. எனினும் 1970-இல் அணிக்கு இரண்டு மாற்றங்களே உண்டு. இத்தாலியோடு நடந்த அரை இறுதியில் மேற்கு ஜெர்மனி இரண்டையும் பயன்படுத்திவிட்டது. தோள் விலகிய பெக்கன்பவர், கையைக் கட்டிக்கொண்டு ஆடி முடித்தார். 1995-இல் மாற்றங்கள் மூன்றாயின. 2020-இல் தற்காலிகமாக ஐந்தாகி, 2022-இல் அதுவே நிலைத்தது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவருக்குத் தனி மாற்று அளிக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது.

இனி, அம்முறையை நோக்குவோம். மாற்று ஆட்டக்காரரின் பெயர் ஆட்டம் தொடங்குமுன்பே நடுவரிடம் தரப்பட வேண்டும். புதியவர் எவரையும் இடையில் நுழைக்க இயலாது. மாற்றும் எண்ணத்தை முதலில் நடுவருக்கு அறிவிக்க வேண்டும். வெளியேறுவோர் தமக்கு அண்மையிலுள்ள எல்லைக்கோட்டின் வழியே செல்ல வேண்டும். நடந்து நடந்து நேரம் கடத்தாதிருக்கவே இவ்விதி. ஆட்டம் நின்றிருக்கும்போது, முன்னவர் வெளியேறிய பின், நடுவர் சைகை காட்டியதும், புதியவர் நடுக்கோட்டின் வழியே நுழைய வேண்டும். ஒரு கணமும் பன்னிருவர் களத்தில் நில்லாதிருக்க இந்த ஒழுங்கு. வெளியேறியவர் பொதுவாக மீண்டும் ஆட முடியாது. கோல்காப்பாளரும் களத்திலுள்ள மற்றொருவரும் தமக்குள் இடம் மாறுவதாயினும், நடுவருக்கு அறிவித்து, ஆட்டம் நின்ற வேளையிலேயே மாற வேண்டும்.

நம் இளைஞர் தாம் வாழும் ஊர்களில் நட்புப் பந்தயம் நடத்தும்போதும், எத்தனை மாற்றங்கள் என்பதை இரு அணியாரும் முன்னதாகவே பேசி முடித்து நடுவருக்குச் சொல்லிவிடுதல் நன்று. பாதி ஆட்டத்தில் எழும் பூசல்கள் பல அதனால் ஒழியும்.

டிராட்மனின் துணிவை நாம் போற்றுவோம். ஆயினும் அத்தகைய துணிவை எவரிடமும் கட்டாயமாகக் கேளாத ஆட்டமே சிறந்த ஆட்டம். காயமுற்றவருக்கு இரக்கமும் எதிரணிக்கு நேர்மையும் ஒருங்கே காட்டக் கற்றதுதான் ஆள்மாற்றத்தின் வரலாறு.