குறிப்பறிதல் தடுமாறும்போது



மூவாரில் தேர்ச்சி அறிக்கை வழங்கிய நாளொன்றில் ஒரு தந்தையார், "சார், என் மகன்மேல் உங்களுக்கு ஏன் இத்தனை கோபம்?" என்று வினவினார். எனக்குக் கோபமே இல்லை. மதிப்பெண் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவர் மனச்சிதைவு நோய்க்கு மருந்து உட்கொள்வதாகத் துணைவியார் பின்னர் தாழ்ந்த குரலில் சொன்னார். அதன் பிறகே இந்நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

சுவிட்சர்லாந்து மருத்துவர் யூஜன் புளூலர் 1908இல் இதற்கு 'ஸ்கிசோஃப்ரினியா' எனப் பெயரிட்டார். இது பற்றிய அவரது பெருநூல் வெளிவந்த 1911ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. ஜொகூரின் தம்போய் மருத்துவமனை, அதாவது இன்றைய பெர்மாய், 1937இல் எழுந்தது. நாமோ ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிவிட்டோம்! வகுப்பறையிலும் அதைக் கேட்டிருக்கிறேன்.

நோயாளியின் உணர்ச்சி மாறுபடுவதைப் புளூலரே எழுதினார். ஆனால் பிறர் உணர்ச்சியை நோயாளி எவ்வாறு உணர்கிறார் என்பதை அளக்கக் கருவி வேண்டுமல்லவா? பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1976இல் வெளியிட்ட முகபாவப் படத்தொகுப்பு அதற்குப் பெரிதும் பயன்பட்டது. மகிழ்ச்சியை ஓரளவு சரியாக இனங்காண்போர் அச்சத்தைக் காண்பதில் தடுமாறினர். எவ்வுணர்ச்சியும் காட்டாத முகத்தில் வெறுப்பையோ அச்சத்தையோ கண்டவர்களும் உண்டு. கண்ணசைவைப் பதிவு செய்த ஆய்வுகளில், எதிரிலிருப்பவரின் கண், வாய் ஆகிய இடங்களில் அவர்களின் பார்வை குறைவாகவே தங்கியது.

அம்முகங்கள் நம்மவர் முகங்கள் அல்ல. ஆகவே பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் இந்திய முகங்களைக் கொண்டு 'டிரெண்ட்ஸ்' எனும் கருவியை உருவாக்கி 2008இல் வெளியிட்டனர். அசையும் படங்களும் அதில் உள்ளன. மருந்தே தொடங்காத நோயாளிகளிடமும் அதே தடுமாற்றம் தெரிந்தது. மருந்தின்மேல் மட்டும் பழியைப் போட இயலாது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். வள்ளுவரோ குறிப்பறிதல் என்ற பெயரிலேயே இரண்டு அதிகாரங்கள் (71, 110) படைத்தார். முகம் பார்த்து உணர்வதை இவ்வளவு இயல்பாகக் கொள்ளும் நமக்கு, அது இயலாதவரின் கலக்கம் எளிதில் விளங்குவதில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை.

அடுத்த தவணையில் அத்தந்தையார் மீண்டும் வந்தார். அறிக்கையைத் திறக்கும் முன்பே, "உங்கள் மகனை நினைத்து எனக்கு மகிழ்ச்சி" என்று வாய்விட்டுச் சொன்னேன். என் முகத்தையும் துணைவியாரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.