சி.என்.சி. நிரல்களில் அங்குல–மெட்ரிக் மாற்றம்

அங்குலத்தில் எழுதிய சி.என்.சி. நிரலை (பட்டறை வழக்கில் புரோகிராம்) மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவது 25.4 ஆல் பெருக்கும் கணக்கு என்றே பரவலாகக் கருதப்படுகிறது. பெருக்கல் அதில் எளிய பகுதி. ஒவ்வொரு எழுத்தையும் தொடரும் எண் எதன் அளவு என்று படித்தறிவதே உண்மையான வேலை. பிழைகள் நுழையும் வாசலும் அதுதான்.

பெருக்கும் எண்ணில் இன்று ஐயம் இல்லை, முன்பு இருந்தது. 1893ஆம் ஆண்டு மெண்டன்ஹால் ஆணை ஒரு மீட்டருக்கு 39.37 அங்குலம் என்று வைத்ததால், அமெரிக்க அங்குலம் 25.4000508 மி.மீ. ஆயிற்று. பிரிட்டிஷ் அங்குலமோ 25.4க்கு இம்மியளவு குறைவு. ஸ்வீடனின் கார்ல் எட்வர்ட் யோஹான்சன் தம் ஸ்லிப் கேஜ் கட்டைகளுக்கு அங்குலத்தைச் சரியாக 25.4 என்றே எடுத்துக்கொண்டார். தொழிற்சாலைகள் அவற்றைக் கொண்டே அளந்ததால், பிரிட்டிஷ் தர அமைப்பு 1930இலும் அமெரிக்கத் தர அமைப்பு 1933இலும் அந்த எண்ணை ஏற்றன. 1959இல் ஆறு நாடுகளின் உடன்பாடு அதையே நிலைநிறுத்தியது. எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரத்தை எம்.ஐ.டி. 1952இலேயே காட்டிவிட்டது என்பதால், இயந்திரம் அங்குலத்தின் இறுதி வரையறைக்கு மூத்தது. ஆக, 25.4 துல்லியமானது, பழியை அதன்மேல் போட முடியாது.

ஃபானக் வகைக் கட்டுப்பாட்டில் ஜி20 அங்குலத்தையும் ஜி21 மில்லிமீட்டரையும் குறிக்கும். ஜி20ஐ அழித்து ஜி21 என்று எழுதினால் எதுவும் மாறிவிடாது. அதே எண்கள் வேறு அலகில் படிக்கப்படும், அவ்வளவே. புள்ளி வைக்காத எக்ஸ்10000 அங்குலத்தில் 1 அங்குலம்; மில்லிமீட்டரில் அது 10 மி.மீ. எக்ஸ், ஒய், இசட், ஐ, ஜே, கே, ஆர் ஆகியவற்றையும் நிமிட ஃபீடையும் 25.4 ஆல் பெருக்கலாம். ஸ்பிண்டில் சுற்று, டூல் எண், சுழல் அச்சின் கோணம், ஜி93இன் தலைகீழ் நேர ஃபீடு ஆகியவற்றைத் தொடக்கூடாது. லேத்தில் ஜி96 வந்தால் எஸ் என்பது சுற்று அல்ல, வெட்டுவேகம்: நிமிடத்துக்கு 400 அடி என்பது 0.3048 ஆல் பெருகி 121.92 மீட்டராகும். அதை 400 என்றே விட்டால் வேகம் மூன்று மடங்கைத் தாண்டும். ஆனால் ஜி50 வைக்கும் உச்ச எஸ், சுற்றுதான். ஒரே எழுத்துக்கு ஒரே நிரலில் இரு விதி. கண்மூடித்தனமாகப் பெருக்கும் சிறு மென்பொருள்கள் சறுக்குவது இங்கேதான்.

மில்லிமீட்டருக்கு மாற்றினால் துல்லியம் போய்விடும் என்ற வாதம் பாதிதான் உண்மை. வழக்கமான உள்ளீட்டுப் படி அங்குலத்தில் 0.0001, அதாவது 2.54 மைக்ரான், மில்லிமீட்டரில் 1 மைக்ரான். ஆகவே தனி எண் ஒன்றில் முழுமையாக்கும் பிழை அரை மைக்ரானைத் தாண்டாது. ஆனால் முந்தைய இடத்திலிருந்தே அளக்கும் ஜி91 நகர்வுகளில் பிழை சேரும்: 0.0625 அங்குலம் 1.5875 மி.மீ.; அதை 1.588 என்று எழுதி நாற்பது முறை நகர்த்தினால் 63.5க்குப் பதில் 63.52 வரும். வட்டவில்லில் தொடக்கம், முடிவு, மையம் தனித்தனியே முழுமையாக்கப்படுவதால் ஆரங்கள் ஒத்துப்போகாமல், வேறுபாடு வரம்பை மீறினால் அலாரம் எழும். த்ரெட்டில் 13 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 13 புரி) லீடை 0.0769 என்று நறுக்கி எழுதியிருந்தால் அதைப் பெருக்குவது தவறு, 25.4ஐ 13 ஆல் வகுத்து 1.953846 என்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜி20 நிரலை அப்படியே ஓட்டலாமே என்று கேட்கலாம். ஓட்டலாம், ஆனால் டூல் ஆஃப்செட்டும் வொர்க் ஆஃப்செட்டும் அலகோடு சேர்ந்து மாறுமா என்பது ஒவ்வொரு இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்தது. ஹாஸ் இயந்திரத்தில் அலகைத் தேர்வு செய்யும் அமைப்பு எண் 9க்கு முரணான ஜி20 வந்தால் அலாரமே வரும். மில்லிமீட்டர் மைக்ரோமீட்டர் பிடித்து அளப்பவர், திரையில் அங்குலத் திருத்தத்தைத் தட்டும்போது இடறுவதும் இயல்பு. இப்போது பலரும் கேம் மென்பொருளில், வெட்டுப்பாதையை நிரலாக எழுதித்தரும் போஸ்ட் பிராசசரை மாற்றி நிரலைப் புதிதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.