வந்து போகும் பழுது: ஹைட்ராலிக் பிரேக்கும் பழைய கார்களும்

மோட்டார் காரின் பிரேக் கம்பிகளாலும் தண்டுகளாலும் இயங்கிய காலத்தில் பழுது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருந்தது. கம்பி தளர்ந்தாலும் மூட்டு தேய்ந்தாலும் அந்தக் குறை, சரிசெய்யப்படும்வரை ஒவ்வொரு மிதிப்பிலும் வெளிப்பட்டது. பெடலின் அழுத்தத்தைக் குழாய்க்குள் இருக்கும் திரவத்தின் வழியே சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் ஹைட்ராலிக் பிரேக், 1921இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. பிரிட்டனிலோ 1935இன் மொரிஸ் எய்ட் அதை ஏற்றுக்கொண்டபின்னும், ஆஸ்டின் செவன் 1939இல் உற்பத்தி நிற்கும்வரை கம்பியையே நம்பியிருந்தது. புதிய அமைப்பு நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைச் சீராகப் பகிர்ந்தளித்தது என்றாலும், குறையைக் குழாய்க்குள் ஒளித்து, சில வேளை தோன்றிச் சில வேளை மறையும் பழுதுக்கும் வழிவகுத்தது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர் இதற்கு நல்ல சான்று. பெடலின் அழுத்தத்தைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் அதில் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே பொருத்தப்பட்டிருந்ததால், பிரேக் ஆயிலின் மட்டத்தைப் பார்ப்பதற்கே விரிப்பை விலக்கி மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. அத்தனை சிறந்த காரில் இது வருந்தத்தக்க ஏற்பாடுதான். சிலிண்டரின் உட்சுவரில் உள்ள நுண்ணிய துளை, பெடலிலிருந்து காலை எடுத்ததும் திறந்து, சூட்டில் விரிந்த ஆயிலைத் தொட்டிக்குத் திரும்ப விடும். அழுக்கு அடைத்தாலோ, பிஸ்டனைத் தள்ளும் தண்டுக்குச் சிறிதளவு தளர்ச்சி விடப்படாவிட்டாலோ துளை மூடியே கிடக்க, ஓடஓட விரியும் ஆயில் பிரேக்கைத் தானாகவே இறுக்கிவிடும். ஆறியதும் சக்கரங்கள் விடுபட்டுவிடுவதால், சாலையில் இறுகி நின்ற கார் பட்டறைக்குள் நுழையும்போது குறையற்றதாகத் தோன்றும்.

ஆகவே சூடு தணியுமுன் பார்ப்பதே முறையாயிற்று. இறுகிய சக்கரத்தைத் தூக்கி, காற்றை வெளியேற்றுவதற்கான திருகைத் தளர்த்தியதும் ஆயில் பீறிட்டுச் சக்கரம் சுழன்றால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது உறுதியாகும். சுழலாவிட்டால் ஷூவின் ஸ்பிரிங்கையோ கைபிரேக் கம்பியையோ பார்க்க வேண்டும். மறுமுறை இறுகும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு அருகில் குழாயைத் தளர்த்த, அங்கே விடுபட்டால் பழுது சிலிண்டருடையது. விடுபடாவிட்டால் உட்புறம் உப்பி, ஆயிலைத் திரும்பவிடாமல் தடுக்கும் ரப்பர் ஹோஸினுடையது. இந்த ஒழுங்கைப் பின்பற்றாமல் எல்லா உறுப்புகளையும் மாற்றுவது பழுதறிதல் ஆகாது.

யாழ்ப்பாணத்தில் இந்த அறிவு வாழ்வின் தேவையாக இருந்தது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற கார்கள், சிறிதளவு பெட்ரோலால் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அங்குள்ள மெக்கானிக்குகளின் திறமை எஞ்சினை வைத்தே பேசப்படுவது வழக்கம் என்றாலும், அக்கார்களை நிறுத்தவல்லவையாக வைத்திருந்ததும் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. எஞ்சினுக்கு உயிர்கொடுத்த மண்ணெண்ணெய் பிரேக்குக்குப் பகை: அதில் கழுவிய ரப்பர் வாசர் உப்பி, மாஸ்டர் சிலிண்டரின் நுண்துளையை மறைத்து, அதே இறுக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும் என்பதால், ரப்பர் உறுப்புகளைப் பிரேக் ஆயிலாலோ ஸ்பிரிட்டாலோ மட்டுமே கழுவ வேண்டியிருந்தது.